பின்னல், தாயத்து, சிவப்புத் திட்டு: மலைமுகாமில் ஏஐ படித்த எக்ஸ்ரேயை நம்பும் முன்

ஏற்காட்டு எஸ்டேட் பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, பின்னலைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டிருப்பார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் அந்தப் பின்னல் நுரையீரலின் உச்சியில் மங்கலான நிழலாக விழும். பெரியவர்களுக்குக் காசநோய் பெரும்பாலும் பிடிக்கும் இடமும் அந்த மேல்பகுதிதான். படத்தைப் படிக்கும் ஏஐ மென்பொருள் உயர்ந்த மதிப்பெண் போட்டு, அதே இடத்தில் சிவப்புத் திட்டும் வைத்துவிடலாம். உச்சி, சிவப்பு, மதிப்பெண் மூன்றும் பொருந்தி நிற்கும்போது யாருக்கும் சந்தேகம் வராது. பின்னலைத் தூக்கி உச்சந்தலையில் கொண்டை போட்டு மறுபடி எடுத்தால் நிழலும் போகும், மதிப்பெண்ணும் இறங்கும்.

மருத்துவ ஏஐயின் வெளிப்படைத்தன்மை, விளக்கம் என்று பேச்செடுத்தால் விற்பனையாளர்கள் முதலில் காட்டுவது அந்தச் சிவப்புத் திட்டைத்தான். "பாருங்க, இந்த இடத்தப் பார்த்துத்தான் சொல்லுது." அது பாதி விளக்கம்கூட இல்லை. எங்கே பார்த்தது என்பது வேறு, எதனால் அந்த எண்ணைப் போட்டது என்பது வேறு. காசநோய் முகாமில் உண்மையாகக் கைகொடுக்கும் விளக்கமெல்லாம் யாரும் படம் பிடித்துப் போடாத இடங்களில் கிடக்கிறது: கட்-ஆஃப் (எந்த மதிப்பெண்ணுக்கு மேல் வந்தால் சந்தேகம் என்ற கோடு) எவ்வளவு, அதை வைத்தது யார், மென்பொருள் எந்தப் பதிப்பு, படம் எப்படி எடுத்தது, மருத்துவர் எதில் ஒத்துப்போகவில்லை.

மதிப்பெண்ணும் கட்-ஆஃபும்

மதிப்பெண் 0 முதல் 1 வரை வரும். சில மென்பொருளில் 0 முதல் 100 வரை. 70 என்றால் காசநோய் இருக்க 70 சதவீத வாய்ப்பு என்று படிப்பதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. மென்பொருள் பழகிய காசநோய்ப் படங்களோடு இந்தப் படம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான அளவு அது, அவ்வளவுதான். ஒரு நிறுவனத்தின் 70-ம் இன்னொரு நிறுவனத்தின் 70-ம் ஒன்றல்ல.

இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் எப்படி இடங்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஏறி இறங்குகிறதோ, இங்கேயும் ஏறக்குறைய அதே கதைதான். எத்தனை பேருக்குச் சளிப் பரிசோதனை செய்ய முடியும், எத்தனை நோயாளிகளைத் தவறவிடச் சம்மதம் என்ற இரண்டுக்கும் நடுவே யாரோ ஒருவர் கோடு போடுகிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் கோட்டின் விலை தெரியும்.

15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு எக்ஸ்ரேயைப் படிக்க இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. சந்தேகத்துக்குரியவர்களை முதற்கட்டமாகச் சலித்தெடுக்கும் சோதனைக்கு அந்த நிறுவனம் குறித்த குறைந்தபட்ச அளவு: நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைப் பிடிக்க வேண்டும், நோயில்லாதவர்களில் 70 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிட வேண்டும். முகாமுக்கு 1000 பேர் வந்து அவர்களில் 10 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 9 பேர் பிடிபடுவார்கள், ஒருவர் தப்புவார். நோயில்லாத 990 பேரில் 297 பேருக்கும் "சந்தேகம்" என்றே வரும். ஆக 306 பேரிடம் சளி வாங்க வேண்டும், அதில் 34 பேருக்கு ஒருவருக்குத்தான் நோய். கட்-ஆஃபை மேலே ஏற்றி நோயுள்ளவர்களில் 80 சதவீதத்தைப் பிடித்து, நோயில்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விடும் நிலைக்குக் கொண்டுபோனால் 8 பேர் பிடிபடுவார்கள், வீண் சந்தேகம் 99 ஆகும். சளி கொடுக்க வேண்டியவர்கள் 107 பேர்தான். ஒரே ஒரு நோயாளியைக் கூடுதலாகத் தவறவிட்டதில் 199 சளிக் கப்புகள் மிச்சம்.

இந்தப் பேரத்தை மென்பொருள் செய்யவில்லை, ஆள்தான் செய்கிறார். அந்த ஆள் யார், எந்தத் தேதியில் எந்த எண்ணை வைத்தார், ஏன் என்பது முகாம் நோட்டில் இல்லையென்றால் வேறு எந்த விளக்கம் இருந்தும் பயனில்லை. பெட்டியோடு வந்த எண்ணை அப்படியே வைத்திருப்பதும் ஒரு முடிவுதான். அதையும் எழுத வேண்டும். உள்ளூருக்கு ஏற்றபடி கட்-ஆஃப் வைப்பதற்கென்றே உலக சுகாதார நிறுவனமும் வெப்பமண்டல நோய் ஆராய்ச்சிக்கான டிடிஆர் அமைப்பும் 2021-ல் ஒரு கையேட்டை வெளியிட்டிருக்கின்றன.

இதில் ஒரு ஓட்டை உண்டு. கட்-ஆஃபுக்கு மேலே வந்தவர்களிடம் மட்டும் சளி வாங்கினால் கீழே தப்பியவர்கள் எத்தனை என்று என்றைக்கும் தெரியாது. மென்பொருள் நூற்றுக்கு நூறு சரி என்பது போலவே தோன்றும். அதனால் முதல் சில முகாம்களில் கீழே வந்தவர்களிலும் வரிசையில் ஒவ்வொரு இருபதாவது ஆளிடமும் சளி வாங்கி, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட்டிலோ சிபிநாட்டிலோ போட்டுப் பார்க்க வேண்டும். இருமலோ காய்ச்சலோ எடை குறைவோ இருந்தால் மதிப்பெண் என்னவாக இருந்தாலும் சளி வாங்கியாக வேண்டும்.

படம் எடுக்கும் இடத்திலேயே பாதி விளக்கம்

ஸ்கூல் வராந்தாவில் நிற்க வைத்து எடுக்கும் படத்துக்கும் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரி அறையில் எடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசம் மென்பொருளுக்கு நோயாகத் தெரியலாம். நெஞ்சை டிடெக்டரில் ஒட்டி, முதுகுப் பக்கமிருந்து, 180 சென்டிமீட்டர் தூரத்தில் எடுப்பதுதான் முறை. இடம் போதவில்லை என்று முன்பக்கமிருந்து பக்கத்தில் எடுத்தால் இதயம் பெரிதாகத் தெரியும், தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் வந்து விழும்.

ஆள் நேராக நின்றாரா என்பதற்குக் கண்ணளவுச் சோதனை ஒன்று போதும்: இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் நடுமுதுகெலும்பின் முள்ளிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். மூச்சு போதுமா என்பதற்கு, உதரவிதானத்துக்கு மேலே முன்பக்க விலா ஆறு எண்ண வர வேண்டும். வயதானவர்கள் "மூச்சை இழுங்க" என்றவுடன் இழுத்து உடனே விட்டுவிடுவார்கள். அடிப்பகுதி வெள்ளையாக விழும். பட்டனை அழுத்தும் முன் இரண்டு தடவை ஒத்திகை பார்க்கலாம், அரை நிமிடம்கூட ஆகாது.

பிறகு உடம்பில் இருப்பவை. பின்னல், கழுத்துத் தாயத்து, கருப்புக் கயிற்றில் கோத்த வெள்ளி, தாலிக்கொடியில் மாட்டிய ஊக்கு. தாலியைக் கழற்றச் சொன்னால் வரிசையே கலைந்துவிடும். கழற்றவும் வேண்டியதில்லை: "கொஞ்சம் மேல தூக்கி வாயில கவ்விக்கங்க அக்கா" என்றால் போதும். இவற்றில் உலோகம் பளிச்சென்று தெரிவதால் ஆபத்து குறைவு. ஆபத்தானவை மயிர், ஈரத் துணி, துணியில் தடித்த தையல். அவை நோய் மாதிரியே மங்கலாக விழும்.

ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை மென்பொருளில் ஏற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எக்ஸ்ரே கருவி தரும் டைகாம் என்ற மூலக் கோப்பில் உள்ள நுணுக்கமான சாம்பல் நிலைகள் அதில் சுருங்கிவிடும், கூடவே ஜன்னல் கம்பியின் நிழலும் சேரும். அப்படி வந்த மதிப்பெண்ணை நோட்டில் ஏற்றவே கூடாது.

சிவப்புத் திட்டு எப்படி உண்டாகிறது

பெரும்பாலும் கிராட்-கேம் என்ற கணக்கு முறை, அல்லது அதன் உறவுமுறைகள். பல மாடல்களில் (மென்பொருளுக்குள் இருந்து படத்தைப் படித்து மதிப்பெண் போடும் பகுதி), படத்தை அலசும் கடைசி அடுக்கில் படம் 7-க்கு 7 கட்டங்களாகச் சுருங்கி இருக்கும். மதிப்பெண்ணை ஏற்றிய கட்டங்களுக்கு நிறம் கொடுத்து, பெரிதாக்கி, ஓரத்தை மழுப்பி எக்ஸ்ரே மேல் ஒட்டுகிறார்கள். ஆகவே திட்டின் ஓரம் எந்த விலாவோடு முடிகிறது என்று உற்றுப் பார்ப்பது வீண் வேலை. அவ்வளவு துல்லியம் அதில் இல்லை.

இன்னொரு சூட்சுமம் நிற அளவுகோல். சில மென்பொருளில் அந்தந்தப் படத்திற்குள்ளேயே அதிகபட்ச இடத்துக்குச் சிவப்பு கொடுப்பார்கள். அப்போது மதிப்பெண் 5 வந்த நல்ல நுரையீரலிலும் எங்காவது ஒரு சிவப்பு இருக்கும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: நிறம் எல்லாப் படத்துக்கும் பொதுவா, படத்துக்குப் படம் மாறுமா? பதில் சொல்லத் தெரியாதவரிடம் விலை பேச வேண்டியதில்லை.

2018-ல் வெளியான ஓர் ஆய்வில், மாடல் கற்றுவைத்திருந்த எண்களை (எடைகள் என்பார்கள்) வேண்டுமென்றே கலைத்துப்போட்ட பிறகும் சில வகை விளக்கப் படங்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. அதாவது அந்தப் படங்கள் மாடலை விளக்கவில்லை, கொடுத்த படத்தில் உள்ள ஓரங்களை வரைந்து காட்டிக்கொண்டிருந்தன. (கிராட்-கேம் அந்தச் சோதனையில் தேறியது, கைடட் பேக்ப்ராப் என்ற இன்னொரு முறை தேறவில்லை.) அதே 2018-ல் அமெரிக்காவில் நிமோனியாவைக் கண்டறியும் மாடல் ஒன்றை ஆராய்ந்தபோது, டெக்னீஷியன் மூலையில் வைக்கும் இடது-வலது ஈயக் குறியையும் அது பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. எந்த ஆஸ்பத்திரிப் படம் என்று கண்டுபிடித்தாலே நோய் இருக்குமா என்று பாதி ஊகித்துவிடலாம் என்று அது கற்றுக்கொண்டிருந்தது. திட்டு நுரையீரலுக்கு வெளியே, எழுத்தின் மேலோ குறியின் மேலோ விழுந்தால் அந்தப் படத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் வண்ணப்படம் நிஜமாகவே உதவுகிறது.

திட்டைச் சோதிக்க மறைத்துப் பார்க்கும் முறை எளிது. பெயர் நீக்கிய நகலில் சிவப்பு விழுந்த இடத்தை, அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத்தால் மூடி மறுபடி ஓட்டவும். கறுப்பால் மூடக் கூடாது, கறுப்புச் சதுரமே மாடலுக்குப் புதிய விநோதமாகத் தெரிந்து மதிப்பெண்ணைக் குழப்பும். மதிப்பெண் நன்றாக இறங்கினால் அந்த இடம்தான் காரணம். இறங்காவிட்டால் காரணம் வேறெங்கோ இருக்கிறது, திட்டு அலங்காரம். கூடவே, சம்பந்தமில்லாத இடத்தை அதே அளவு மூடி ஓட்டவும். இரண்டிலும் ஒரே அளவு இறங்கினால் சோதனை ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இடம் சரி, காரணம் தப்பு

அடிவாரத்துக் கல் குவாரியிலோ கல் அரவையிலோ பல வருடம் வேலை பார்த்தவரின் நுரையீரலில் சிலிக்கா தூசி சின்னச் சின்ன முடிச்சுகளாகப் படியும், அதுவும் பெரும்பாலும் மேல்பகுதியில். காசநோய்க்கென்று பழக்கிய மென்பொருள் அதற்கு உயர்ந்த மதிப்பெண் போடும். திட்டு சரியாக முடிச்சுகள் மேலேயே விழும். மறைத்துப் பார்த்தால் மதிப்பெண் இறங்கும். எல்லாச் சோதனையிலும் தேறிய பிறகும் பதில் தப்பாக இருக்கும், ஏனென்றால் அவர் எங்கே வேலை பார்த்தார் என்பது எக்ஸ்ரேயில் எழுதியிருக்கவில்லை. முன்னே காசநோய் வந்து மாத்திரை சாப்பிட்டுக் குணமானவரின் தழும்பும் இப்படித்தான் ஏமாற்றும்.

அதனால் படம் எடுக்கும் முன் இரண்டே கேள்விகள்: "இதுக்கு முன்னாடி ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?", "எங்கெங்க வேலை பார்த்தீங்க?" பதில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். ஆனால் குவாரிக்காரர் என்று தெரிந்ததும் "இது தூசிதான்" என்று அனுப்பிவிடுவது அதைவிடப் பெரிய பிழை. சிலிகோசிஸ் என்ற இந்தத் தூசி நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். சளி வாங்காமல் விடக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. மதிப்பெண் குறைவு என்றால் நுரையீரல் சுத்தம் என்று பொருள் இல்லை. காசநோய் போல் இல்லை என்று மட்டும்தான் பொருள். கட்டி, பெருத்த இதயம், நெஞ்சுக்கூட்டு நீர் ஆகியவற்றைப் பார்க்கப் பழக்காத மென்பொருள் அவற்றைப் பற்றி வாயே திறக்காது. தறிக்கூடப் பஞ்சுத் தூசியால் மூச்சு இரைப்பவருக்குப் படமே பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும். "நார்மல்" என்று அச்சடித்துக் கொடுக்கும் மென்பொருளில் அந்தச் சொல்லை மாற்றச் சொல்ல வேண்டும்.

உள்ளே தெரியும் மாடல்கள்

படத்துக்கு வேண்டாம், எண்களை வைத்து ஆபத்தைச் சொல்லும் செயலிகளுக்காவது உள்ளே தெரியும் மாடலே மேல். இதற்கு 2015-ல் கணினி ஆய்வாளர் ரிச் கருவானாவும் அவர் குழுவும் எழுதிய நிமோனியா ஆய்வுதான் இன்றும் நல்ல பாடம். ஆஸ்துமா இருப்பவர்கள் நிமோனியாவில் சாகும் வாய்ப்பு குறைவு என்று தரவிலிருந்து மாடல் கற்றுக்கொண்டிருந்தது. ஆஸ்துமா நோயாளியை ஆஸ்பத்திரிக்காரர்கள் உடனே ஐசியூவில் சேர்த்து நன்றாகப் பார்த்துக்கொண்டதால் வந்த வினை. மாடலைத் திறந்து பார்க்க முடிந்ததால்தான் அந்த வரி கண்ணில் பட்டது, திருத்தவும் முடிந்தது. அதே தரவில் பழகிய மூடிய மாடலிலும் அந்தத் தப்பு ஒளிந்திருக்கும். துல்லியச் சதவீதத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஏற்காட்டுக்குப் பொருத்திச் சொன்னால் ஆக்சிஜன் அளவு. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் நல்ல ஆளுக்கே சேலத்தில் இருப்பதைவிட ஒன்றிரண்டு குறைந்து காட்டலாம். மார்கழிப் பனியில் விரல் சில்லிட்டிருந்தால் கருவி இன்னும் தடுமாறும். ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு பங்கு கொடுத்தது என்று செயலி காட்டினால், "ஆபத்து" என்று வந்ததன் காரணம் ஆக்சிஜன் 93 மட்டும்தான் என்று தெரியும். கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்க்கலாம். மொத்த எண்ணை மட்டும் காட்டும் செயலியில் அந்த வழி அடைபட்டுவிடும்.

நோட்டும் பதிப்பும்

மலையில் சிக்னல் ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. அதனால் முகாமில் லேப்டாப்பில் ஓடும் பதிப்பும், கீழே வந்து இணையத்தில் ஓடும் பதிப்பும் வேறாகிவிடுவது சாதாரணம். பதிப்பு மாறினால் அதே படத்துக்கு வேறு மதிப்பெண் வரும், பழைய கட்-ஆஃப் செல்லாது. விளக்கம் கேட்கப்படுவது ஆறு மாதம் கழித்து என்றால், அன்றைக்கு எந்தப் பதிப்பு ஓடியது என்பதே தெரியாத நிலை வரும். இதற்குச் செலவில்லாத காவல் ஒன்று: பெயர் நீக்கிய இருபது படங்களைத் தனியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகாம் காலையிலும் ஓட்ட வேண்டும். மதிப்பெண்கள் போன தடவை போலவே வர வேண்டும். ஒன்று மாறினாலும் அன்று மதிப்பெண்ணை நம்பாமல் மருத்துவர் கண்ணை மட்டும் நம்பலாம்.

மருத்துவர் மதிப்பெண்ணைப் பார்க்கும் முன்பே தன் கருத்தை எழுதிவிட வேண்டும். இதில் மட்டும் சமரசம் கூடாது. 88 என்று திரையில் பார்த்தவருக்கு இல்லாத நிழலும் தெரியும். 6 என்று பார்த்தவருக்கு இருக்கும் நிழலும் மறையும். நோட்டில் வேண்டியவை: தேதி, பதிப்பு, படத்தின் தரம், மருத்துவர் முதலில் சொன்னது, மதிப்பெண், அன்றைய கட்-ஆஃப், கடைசி முடிவு, சளி முடிவு. முடிவு மாறியிருந்தால் ஏன் என்று ஒரு வரி. மாதம் ஒருமுறை மருத்துவரும் மென்பொருளும் முரண்பட்ட படங்களை மட்டும் எடுத்து சளி முடிவோடு வைத்துப் பார்த்தால், அந்த மலையில் அந்த மென்பொருள் எங்கே சறுக்குகிறது என்று எந்த விளம்பரத் தாளும் சொல்லாததை அந்த நோட்டு சொல்லும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் வெளியிட்ட ஏஐ நெறிமுறைகளில் பொறுப்புக்கூறல் தனித் தலைப்பாகவே இருக்கிறது. நடைமுறையில் அதற்கு உருவம் கொடுப்பது இந்த நோட்டும் அதில் விழும் கையெழுத்தும்தான்.

முகாமுக்கு வந்தவரிடம் சொல்வது

திரையை வரிசைக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும். எஸ்டேட் லைன் வீடுகளில் ஒருவருக்குச் சிவப்பு வந்தது என்ற செய்தி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேரும். வண்ணப்படத்தை அச்செடுத்துக் கையில் கொடுப்பதும் வேண்டாம். மருத்துவருக்கே அரைகுறையாகப் புரிவதை நோயாளி கையில் கொடுப்பது விளக்கமாகாது, பயமுறுத்தல்தான் ஆகும்.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். "அக்கா, உங்க படத்த கம்ப்யூட்டர் ஒருக்கா பார்த்துச்சு, டாக்டரும் பார்த்தாங்க. மேல ஒரு இடத்துல நிழல் மாதிரி இருக்கு. அது நோய்னு இன்னும் யாரும் சொல்லல. இந்த மாதிரி நிழல் வர்ற முப்பது பேருக்கு மேல பார்த்தா ஒருத்தருக்குத்தான் இருக்கும். சளிய எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்." அந்த "முப்பது பேருக்கு மேல" என்பதை அந்த முகாமின் சொந்த நோட்டிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டும், பெட்டியோடு வந்த தாளிலிருந்து அல்ல. படம் வெளியூர் கம்ப்யூட்டருக்குப் போகுமா, யார் வைத்திருப்பார்கள் என்பதையும் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதைச் சொல்லாமல் கைநாட்டு வாங்குவது வெறும் சடங்கு.

"கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுமா?" என்று யாராவது கேட்பார்கள். "சொல்லும்" என்பதே பதில். இரண்டு பக்கமும் சொல்லும் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சந்தேகம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் இருமலோடு மூன்று மாதம் காப்பித் தோட்டத்தில் நின்றுகொண்டிருப்பார். அவருக்குக் கொடுக்கும் சீட்டில் மதிப்பெண் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், மாலைக் காய்ச்சல் வந்தால், எடை குறைந்தால் எந்தச் சுகாதார நிலையத்துக்கு எந்தக் கிழமை வர வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதினால் போதும். படிக்கத் தெரியாதவராக இருந்தால் கூட வந்த பேரனிடம் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.